எதிர்ச்சாரி வெளிநாடு

என் மனைவி ரீக்காவுக்கு வயிற்றெரிச்சல் வந்தால் பாத்திரம் விளக்குவாள். ஏற்கெனவே விளக்கி அடுக்கிவைத்ததை எடுத்து மறுபடி விளக்குவாள். பக்கத்து வீட்டு ஆலி புது வீடு பார்த்துவிட்டாள் என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, என் கல்யாணத்துக்கு முந்தைய பீர்க் குவளைகள்கூட எங்கள் வீட்டில் பளபளத்தன.

"வெளிநாட்டுக்குப் போறாளாம்," என்றாள், ஈரக் கையோடு வந்து நின்று. "கேட்டியா டெர்க்? அறுபது வயசுல சீமாட்டிக்கு வெளிநாடு கேக்குது."

"எந்த நாடு?"

நுரை சொட்டும் விரலை ஜன்னல் பக்கம் நீட்டினாள். சாலைக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, பல் மருத்துவரின் வீடு தெரிந்தது.

எங்கள் தெருவில் இது வேடிக்கைப் பேச்சு இல்லை. இந்தச் சாரி நெதர்லாந்து, எதிர்ச்சாரி ஜெர்மனி, நடுவில் ஒரு சாலை. நாங்கள் அங்கே போய் பெட்ரோல் போட்டுக்கொள்வோம். அவர்கள் இங்கே வந்து காபித்தூளும் பொரித்த மீனும் வாங்குவார்கள். வயதானவர்கள் இரண்டு பக்கமும் ஒரே நாட்டுப்புறப் பேச்சுதான் பேசுகிறோம். ஆனால் எதிர் வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டால் அது இரண்டு நாட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாவகாசமாக வந்து சேரும். வீட்டு விலையும் அப்படித்தான், வேறு உலகம். இங்கே பாதி வீடு வாங்கும் விலைக்கு அங்கே சுற்றிலும் புல்வெளியோடு முழு வீடு கிடைக்கும்.

நாங்கள் இருப்பது அந்தப் பாதி வீடுதான். ஒரே கூரை, நடுவில் ஒரு செங்கல் சுவர், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஆலியும் அவள் புருஷன் பென்னியும். இரண்டு குடும்பமும் ஒரே கோடையில் குடிவந்தோம். ஆலி இருமினால் ரீக்கா இஞ்சி நறுக்குவாள். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் பென்னி அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டி, "டெர்க், விட்டுக் குடுத்துடு!" என்பான். நான் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். எனக்கு எதையும் விட்டுக்கொடுக்க நேரம் எடுக்கும்.

ரீக்கா பன்றிப் பண்ணைக்காரரின் மகள். பள்ளிக்கூடம் முடிந்ததும் எல்லையைத் தாண்டி போகோல்ட் நகரத்தில் வீடு மாற்றிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். யார் வீட்டுப் பீங்கானையோ காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. முட்டி தேயும் வரை அதைத்தான் செய்தாள். அவள் கட்டிய பெட்டியில் ஒரு கோப்பை உடைந்தது என்று யாரும் சொன்னதில்லை. ஊரான் வீட்டு அலமாரியெல்லாம் திறந்து பார்த்துப் பார்த்து, எந்த வீடு நல்ல வீடு என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. மாடி இருக்கும் வீடு அவள் கணக்கில் வீடே இல்லை. எங்கள் வீட்டு மாடிப்படி ஏணிக்கு அக்காள் முறை. ரீக்கா அதில் ஏறும்போது என்னைத் திட்டுவாள், இறங்கும்போது பின்பக்கமாக இறங்கிக்கொண்டே என் அப்பாவைத் திட்டுவாள்.

பல் மருத்துவர் எதிரே அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்தே அந்த வீட்டின் மேல் அவளுக்குக் கண். ஒரே தளம். படி கிடையாது, வாசல்படி கூடக் கிடையாது. தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுவதால் வெறுங்காலோடு நடக்கலாம். படுக்கையறைக்குப் பக்கத்திலேயே துணி துவைக்கும் அறை. குளிக்கும் இடத்தில் காலைத் தூக்கிவைக்கத் தடுப்பில்லை. "அது என் வீடு. டாக்டர் சும்மா குடியிருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் வீட்டை விற்கிறார் என்று தெரிந்தபோது என்னிடம் கேட்கவும் செய்தாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். பிறந்தது இந்தச் சாரி, சாகிறதும் இந்தச் சாரி என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அடுத்த வாரமே ஆலி போய்ப் பார்த்துவிட்டாள்.

அது போதாதென்று, இரண்டாவது தடவை பார்க்கப் போகும்போது ரீக்காவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தவள் கோட்டைக் கழற்றாமலே மேசை முன்னால் உட்கார்ந்தாள். நான் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன்.

"எப்படி இருக்கு?"

"எப்படி இருந்தா உனக்கென்ன. நீதான் இந்தச் சாரியிலேயே சாகப் போறியே."

"ஆலிக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்காவாம். சமையலறைய விட்டு வெளிய வரமாட்டேங்கறா. கரும்பச்சை நிறம், நடுவுல பெரிய மேடை. இழுப்பறைய லேசா தள்ளினா போதும், பெருமூச்சு விட்டுட்டு அதுவா மூடிக்குது. ரொட்டி சுடற அடுப்பு நெஞ்சு உயரத்துல, குனியவே வேணாம். மேடையத் தடவித் தடவி நின்னா டெர்க், மாடு வாங்கறவன் மாட்டத் தடவற மாதிரி. 'இந்தச் சமையலறைக்காகவே இந்த வீட்ட வாங்கலாம்டீ'ங்கறா."

இங்கே ரீக்கா நிறுத்தினாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"அது வராது," என்றாள்.

"எது?"

"சமையலறை. டாக்டர் குடும்பம் அதைக் கழட்டி எடுத்துட்டுத்தான் போகும். ஜெர்மன்காரங்க கட்டில எடுத்துட்டுப் போற மாதிரி அடுப்பு, அலமாரி, தொட்டி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போவாங்க. விளக்கக்கூட விடமாட்டாங்க, கம்பி தொங்கும். எத்தன வீட்டுல நின்னு பாத்திருக்கேன் நான், லாரில ஏத்தறத."

எங்கள் பக்கத்தில் சமையலறை என்பது கூரை மாதிரி. யாரும் கூரையைக் கழற்றிக்கொண்டு போக மாட்டார்கள். அதனால் அதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஆலிக்குத் தோன்றியே இருக்காது. விட்டுவிட்டுப் போவார்கள் என்று யாரும் நினைப்பார்கள் என்பது அந்த டாக்டரம்மாவுக்கும் தோன்றியிருக்காது. சிரித்துக்கொண்டு கதவருகே நின்றாளாம்.

"ஆலிகிட்ட சொல்லிட்டியா?"

"அவ கேட்டாளா?"

"ரீக்கா."

"வாய் வரல டெர்க். வந்து வந்து தொண்டையில நின்னுக்குச்சு. என் வீட்டுல நின்னுகிட்டு, என் தரையில செருப்பக் கழட்டிப் போட்டு, 'ஐயோ எவ்வளவு இதமா இருக்கு'ங்கறா. எனக்குக் காதுல பொகை வந்துருச்சு."

"நாளைக்குச் சொல்லிடு."

"சொல்றேன்."

சொல்லவில்லை. நாளை மறுநாளும் சொல்லவில்லை. நான் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பெண்கள் இரண்டு பேருக்கு நடுவில் தலையைக் கொடுக்க எனக்குத் துணிச்சல் கிடையாது.

வீட்டுப் பொறாமை மட்டும்தான் காரணம் என்றால் ரீக்கா ஒரு வாரம் பாத்திரம் விளக்கிவிட்டுச் சமாதானமாகியிருப்பாள். விஷயம் அதற்கும் கீழே இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முதல் அண்டை உண்டு. பிள்ளை பிறந்தால் முதலில் வருவது முதல் அண்டை. கல்யாண நாளுக்கு வாசலில் பச்சைக் கிளை வளைவு கட்டி, காகித ரோஜா செருகுவதற்குத் தெருவையே திரட்டுவது முதல் அண்டை. சாவு விழுந்தால் வீட்டுக்காரர்கள் ஒரு வேலையும் தொடக் கூடாது. முதல் அண்டைக்காரி வந்து உடம்பைக் கழுவி, உடுத்தி, தலை சீவி, அப்புறம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். இது மனிதருக்கு மனிதர் உள்ள ஏற்பாடு இல்லை, வீட்டுக்கு வீடு உள்ளது. வீடு மாறினால் அண்டையும் மாறும். எதிர்ச்சாரி ஜெர்மன்காரர்களிடமும் இதே வழக்கம்தான். ஆலியின் அம்மாவைக் குளிப்பாட்டியது ரீக்கா. எங்கள் முதல் குழந்தை பிறந்து இரண்டே நாளில் போனபோது அதற்குச் சட்டை போட்டது ஆலி. இதையெல்லாம் நாங்கள் பேசுவதில்லை.

"அவ வீட்ட மட்டுமா விக்கறா," என்றாள் ரீக்கா ஒருநாள், படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டே. "கூடவே என்னையும் வித்துட்டுப் போறா."

பத்திரம் பதிய பென்னியும் ஆலியும் ஜெர்மன் பக்கத்து நோட்டரியிடம் போனார்கள். அங்கே ஒரு வழக்கம், ஒப்பந்தம் முழுவதையும் ஒரு வரி விடாமல் நோட்டரி உரக்கப் படித்தாக வேண்டும். படிப்பதற்கு முன், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டாராம். பென்னிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எல்லைல பொறந்தவன் சார் நான். உங்க பாஷை எனக்குத் தாய்ப்பால்," என்றிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த ஜெர்மன், பட்டறையில் டயர் மாற்றப் போதும். நோட்டரி ரயில் வேகத்தில் படித்திருக்கிறார். பென்னி ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையாட்டியிருக்கிறான். நடுவில் எங்கோ சமையலறை போய்விட்டது.

அப்புறம் வெளிநாட்டுக் குடியேற்றம் ஆரம்பித்தது. நகராட்சியில் போய், நாங்கள் நாட்டை விட்டுப் போகிறோம் என்று எழுதிக்கொடுத்தார்கள். அங்கே இருந்த பெண் "நல்லபடியா போய்ச் சேருங்க" என்று வாழ்த்தினாளாம். பென்னி தன் சோபாவைத் தலையில் வைத்துக்கொண்டு ஜெர்மனிக்கு நடந்து போகப் போவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். ஆலி எங்களிடம் வந்தாள்.

"சாவி வாங்கற அன்னைக்கு ரெண்டு பேரும் மதியச் சாப்பாட்டுக்கு அங்க வந்துடணும். எதுவும் கொண்டு வராதீங்க. என் புது அடுப்புல நான் முட்டையும் பன்றி இறைச்சியும் பொரிச்சுத் தர்றேன்."

"சரிடீ," என்றாள் ரீக்கா. அவள் கண் என்னைப் பார்க்கவில்லை.

அன்று காலையிலிருந்து எங்கள் வீட்டில் பட்டாணி சூப் கொதித்தது. கரண்டி நட்டமாக நிற்கும் பதம், புகையிட்ட இறைச்சித் துண்டுகளோடு, நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டு மிஞ்சும் அளவுக்கு. புறப்படும்போது என் கையில் பரணிலிருந்து இறக்கிய, கூடாரம் போடப் போகும்போது எடுத்துப்போகும் சின்ன அடுப்பையும் எரிவாயுக் குப்பியையும் திணித்தாள்.

"இது எதுக்கு?"

"கேள்வி கேக்காம தூக்கு."

நானும் தூக்கினேன். லாரி ஓட்டிய காலத்திலிருந்து, ஏற்றச் சொன்னதை ஏற்றிப் பழக்கம்.

கதவு திறந்தே இருந்தது. தரை நிஜமாகவே வெதுவெதுப்பாக இருந்தது. வெளிச்சம் கண்ணாடிக் கதவுகள் வழியாகக் கொட்டியது. நல்ல வீடு, மறுக்க முடியாது. சமையலறையின் நடுவில் ஆலி முட்டைத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சமையலறை என்று சொல்கிறேன், அங்கே ஒன்றும் இல்லை. சுவரிலிருந்து இரண்டு குழாய் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. கூரையில் கம்பி தொங்கியது.

பென்னி போனில் கத்திக்கொண்டிருந்தான். "திருட்டு! போலீஸக் கூப்பிடுவேன்!" அந்தப் பக்கம் டாக்டர் மரியாதையாக ஏதோ சொன்னார். பென்னியின் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. "படிச்சாரா? ... ஓ. ... நான் தலையாட்டினேனா?" போனைப் பையில் போட்டுவிட்டு, தொங்கும் கம்பியை நிமிர்ந்து பார்த்தான்.

"ஐயய்யோ," என்றாள் ரீக்கா. "என்னடீ இது அநியாயம்." நன்றாகத்தான் சொன்னாள். பயிற்சி எடுத்திருப்பாள் போலிருக்கிறது.

ஆலி திரும்பினாள். ரீக்காவின் கையிலிருந்த பானையைப் பார்த்தாள். கம்பளித் துண்டால் சுற்றி, மூடியைக் கயிறு போட்டுக் கட்டிய பானை. அப்புறம் என் கக்கத்திலிருந்த அடுப்பைப் பார்த்தாள்.

"நீ எதுக்குடீ அடுப்போட வந்த?"

"வீடு பழகாத வீடாச்சே... குளிரா இருக்குமேன்னு..."

"தரையே சூடா இருக்கற வீட்டுல?"

ரீக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பொறாமையில் வாயை மூடிக்கொண்டவள், ஆலி பட்டினி கிடக்கக் கூடாது என்று பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். என் மனைவியால் ஒரு கெட்ட காரியத்தைக் கூட முழுசாகச் செய்ய முடியாது.

அந்த அடுப்பிலேயே சூப்பைச் சூடாக்கி, நின்றுகொண்டே குடித்தோம். ஆலி கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். குடித்துவிட்டு, "சூப் ரொம்ப நல்லா இருந்தது. நன்றி, ரீக்கா," என்றாள். இத்தனை வருஷத்தில் அவர்களுக்குள் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

அப்போதுதான் ஹெட்விக் வந்தாள். புது வீட்டுக்குப் பக்கத்து ஜெர்மன் வீட்டுக்காரி, விதவை, ஆறடி உயரம். அவர்கள் வழக்கப்படி ஒரு ரொட்டியும் உப்பும் கையில். உள்ளே நுழைந்ததும், "பென்னி, உங்க கார் என் பாதைய மறைக்குது," என்றாள். அப்புறம் வெறுஞ்சுவரைப் பார்த்தாள். ஒரே சிரிப்பு.

"சமையலறையக் கூட்டிட்டுப் போயிட்டாங்களா? பின்ன, விட்டுட்டா போவாங்க? உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

ஆலி ரீக்காவைப் பார்க்காமல், "யாரும் சொல்லல," என்றாள்.

"புதுசுக்குச் சொன்னா வர்றதுக்கே மாசக்கணக்காகும். கவலைப்படாதீங்க. என் வீட்டு நிலவறைல இன்னொரு சமையலறை சும்மாதான் கிடக்கு. விருந்து வந்தா மட்டும் திறக்கறது. இந்தாங்க சாவி."

"வேணாம் வேணாம்," என்றாள் ரீக்கா அவசரமாக. "எங்க வீட்டுலயே சமைக்கட்டும். நாலு எட்டு நடந்தா வந்துடுது."

"ரோட்டத் தாண்டணும்," என்றாள் ஆலி. சாவியை வாங்கிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த இலையுதிர் காலம் முழுவதும் எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. மாடிப் படுக்கையறை ஜன்னலிலிருந்து பார்த்தால்தான் ஹெட்விக்கின் நிலவறைக் கதவு தெரியும். படியைக் கண்டாலே திட்டுகிற ரீக்கா, நாளெல்லாம் ஏறி இறங்கினாள். முட்டி வீங்கியது. களிம்பு தடவிக்கொண்டு மறுபடி ஏறினாள்.

"இப்பதான் உள்ள போறா. கையில முட்டைக்கோசு. செவப்பு. ஹெட்விக் செய்யற மாதிரி ஆப்பிள் போட்டுச் செய்யக் கத்துக்கறா போல. நான் ஆப்பிள் போட்டப்பல்லாம் இனிக்குதுன்னு மூஞ்சியச் சுளிச்சவதானே இவ."

"கீழ வா ரீக்கா."

"சிரிக்கறாங்க டெர்க். ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. அந்த ஜெர்மன்காரிக்குப் பல்லே வெளிய தெரியாதே, எப்படிச் சிரிக்கறா பாரு."

இருட்டத் தொடங்கினால் அவள் கோபம் அதிகமாகும். எங்கள் பக்கத்தில் யாரும் திரையை இழுத்து மூடுவதில்லை. தெருவில் போகிறவனுக்கு எங்கள் ரொட்டித் துண்டு வரை தெரியும். அந்தப் பக்கம் பொழுது சாய்ந்ததும் ஜன்னலுக்கு ஜன்னல் கடை ஷட்டர் மாதிரி ஒரு தகடு கடகடவென்று இறங்கிவிடும். ஆலியும் இறக்கக் கற்றுக்கொண்டாள். "என்னத்த மறைக்கறா? அங்க என்ன தங்கமா காய்ச்சறாங்க?" என்று ரீக்கா அந்தத் தகட்டைப் பார்த்துக் கரித்துக்கொட்டுவாள். பென்னியின் காருக்கு ஜெர்மன் எண் பலகை வந்தபோது அன்றைக்கு மூன்று தடவை பாத்திரம் விளக்கினாள்.

போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வா என்று சொல்லிப் பார்த்தேன். "அவ வரட்டும்," என்றாள். ஆலியும் வரவில்லை. ரொட்டிக் கடையில் பார்த்தால் இருவரும் வானிலை பேசினார்கள்.

இதற்கிடையில் சுவருக்கு அந்தப் பக்கம் உத்ரெக்ட் நகரத்திலிருந்து இளம் ஜோடி ஒன்று குடிவந்தது. நல்ல பிள்ளைகள். வீட்டிலிருந்தே கணினியில் வேலை. பார்த்தால் கையசைப்பார்கள். வழக்கப்படி ரீக்கா ஒரு நீளமான திராட்சை ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். நாங்கள்தான் உங்கள் முதல் அண்டை, நீங்கள்தான் எங்களுக்கு, என்னென்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள். அந்தப் பெண் கண்ணை அகல விரித்து, "எவ்வளவு அழகான வழக்கம்! இதுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கா?" என்று கேட்டாளாம்.

திரும்பி வந்த ரீக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "நான் செத்தா அவ குழுவுல ஒரு பூ போடுவா. அவ்வளவுதான் டெர்க். ஒரு பூ." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

பனி விழத் தொடங்கியபோது ஆலியின் புதுச் சமையலறை வந்து இறங்கியது. வெள்ளை நிறம். ரீக்கா ஜன்னலிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக எண்ணாத குறையாகப் பார்த்தாள், தூக்குகிறவர்கள் சரியாகத் தூக்கவில்லை என்று திட்டினாள். இனி புதுக்குடி விருந்து வைக்க வேண்டியதுதான் பாக்கி. குடிவந்தவள் வீடு வீடாகப் போய் அழைத்து, தன் முதல் அண்டை யார் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். ரீக்கா வரவேற்பறையைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள். ஏனென்று கேட்டால் தூசி என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை முன்வாசல் மணி அடித்தது.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊரில் தெரிந்தவர்கள் பின்கட்டு வழியாகத்தான் வருவார்கள், கதவைக்கூடத் தட்ட மாட்டார்கள். முன்வாசல் போலீசுக்கும் பிணத்துக்கும். நான் தோளால் இடித்துத்தான் அந்தக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. வெளியே ஆலி நல்ல கோட்டு போட்டுக்கொண்டு நின்றாள்.

உள்ளே வந்து, கோட்டோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ரீக்கா காபி ஊற்றினாள். கோப்பை நிறைந்து தட்டில் சிந்தியது.

"நாளைக்குச் சாயங்காலம் விருந்து. ரெண்டு பேரும் வந்துடுங்க," என்றாள் ஆலி.

"வர்றோம்." ரீக்கா கொஞ்சம் பொறுத்தாள். பிறகு அடக்க முடியவில்லை. "மொத அண்டை யாரு?"

"ஹெட்விக்."

"சாவி குடுத்தாளே, அதுக்கா?"

"இல்ல. அவ மனசுல இருக்கறத மூஞ்சிக்கு நேரா சொல்லிடறா. என் திரை கோணலா தொங்குதாம், நான் குப்பைய தப்பான நாள்ல வெக்கறேனாம், பென்னி குறட்டை விட்டா அவ வீட்டுக்குக் கேக்குதாம். எரிச்சலாதான் இருக்கு. ஆனா எங்கிட்ட எதையும் ஒளிச்சு வெக்கறதில்ல."

ரீக்கா காபிக் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆமா. எனக்குத் தெரியும். நீ அந்த மேடையத் தடவிட்டு நின்னியே, அப்பவே தெரியும். சொல்லியிருக்கணும். வயிறு எரிஞ்சுதுடீ. அந்த வீடு எனக்குன்னு நெனச்சு வெச்சிருந்தேன். நீயும் எனக்குன்னு நெனச்சு வெச்சிருந்தேன். ரெண்டும் ஒண்ணாப் போச்சு."

"நான் எதிர் வீட்டுக்குத்தானே போனேன்."

"எதிர் வீட்டுல நீ இருமினா எனக்குக் கேக்காது."

ஆலி காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அவள் சர்க்கரை போடுகிறவள் இல்லை.

"ஒண்ணு சொல்றேன் கேளு," என்றாள். "அன்னைக்கு முட்டை பொரிச்சு வெச்சுட்டு உங்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். அந்த வீட்டுக்கும் நீதான் மொத அண்டையா இருக்கணும்னு. பென்னி சிரிச்சான், ரெண்டு நாட்டுக்கு நடுவுல அப்படி எங்கயும் கிடையாதுன்னான். ரோடுதானேடா, தாண்டினா போச்சுன்னேன். ஹெட்விக்கிட்டயும் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன், வருத்தப்படாதீங்கன்னு."

ரீக்கா தட்டில் சிந்திய காபியைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் அடுப்பங்கரைப் பக்கம் போய்விடலாமா என்று பார்த்தேன்.

ஆலி எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"நீ போனா நான் வருவேன், ரீக்கா. இந்தப் பசங்கள நம்ப வேணாம். நானே வந்து குளிப்பாட்டி, தலை சீவி, வீடு வீடா போய்ச் சொல்லுவேன். அதுல மாத்தம் இல்ல."

"நீ போனா?"

"ஹெட்விக்தான் வருவா. வாக்குக் குடுத்துட்டேன். அதையும் மாத்த முடியாது."

வந்த வழியே முன்வாசலைத் தாண்டிப் போனாள். நான் கதவை இடித்துச் சாத்திவிட்டுத் திரும்பியபோது ரீக்கா ஜன்னலருகில் நின்றாள். ஆலி இரண்டு பக்கமும் பார்க்காமல் சாலையில் இறங்கினாள். பனி உறைந்து வழுக்கியது. ரீக்கா கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள், ஆலிக்குக் கேட்கவில்லை. அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, படியில்லாத வாசலில் நுழையும் வரை என் மனைவி மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

"அவ எனக்கு முன்னாடி போயிடக் கூடாது, டெர்க்," என்றாள். "அந்த ஜெர்மன்காரி அவ தலைய சீவி விடறத என்னால பாக்க முடியாது."